கெட்ட ராஜாவின் தபால் பதிவேடு

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மேக்னா கார்ட்டா ஐந்து மார்க் கேள்வி. 1215-ஆம் ஆண்டு, ரன்னிமீட் புல்வெளி, கொடுங்கோலன் ஜான், பிரபுக்கள் மிரட்டினார்கள், கையெழுத்துப் போட்டான். இவ்வளவு எழுதினால் மூன்றரை மார்க் நிச்சயம். அதற்கு மேல் அந்த ராஜாவைப் பற்றி ஐம்பது வருஷமாக எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ராபின் ஹூட் படத்தில் வில்லனாக வருவான், அவ்வளவுதான்.

போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்து, "இனி படிக்கலாம் சார்" என்று டாக்டர் சொன்ன வாரத்தில் பழைய புத்தகக் கடையில் ஒன்று கைக்கு அகப்பட்டது. டபிள்யூ. எல். வாரன் எழுதிய 'கிங் ஜான்'. முதல் பதிப்பு 1961. வாரன் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். பேராசிரியர் எழுதியது என்றதும் கொஞ்சம் பயந்தேன். அடிக்குறிப்பு பாதிப் பக்கத்தை விழுங்கியிருக்கும், வாக்கியம் ஒரு முனையில் ஏறினால் மறுமுனையில் இறங்கும்போது ஏறியது எங்கே என்று மறந்துபோகும். நல்ல வேளை, இவர் அப்படியில்லை. சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து பழைய கேஸ் ஒன்றை நிதானமாக விவரிக்கும் சீனியர் வக்கீல் மாதிரி எழுதுகிறார். "அவர் சொன்னது இது, தஸ்தாவேஜு சொல்வது இது, நீங்களே பாருங்கள்" என்கிற தோரணை. ஒன்பது நாளில் முடித்துவிட்டேன். புதுக் கண்ணுக்கு நல்ல வேலை.

முதலில் கதைச் சுருக்கம். ஜான், இரண்டாம் ஹென்றிக்கும் எலினாருக்கும் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாருக்குப் பாகம் பிரித்தபோது இவனுக்கு நிலம் மிஞ்சவில்லை. 'நிலமில்லாதவன்' என்றே பட்டப்பெயர். ஆனால் அண்ணன்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, 1199-ல் ரிச்சர்டும் ஒரு கோட்டை முற்றுகையில் அம்பு பட்டு இறக்க, ராஜ்யம் இவன் மடியில் விழுந்தது. இங்கிலாந்து மட்டுமல்ல, பிரான்ஸில் பாதியும். ஐந்தே வருஷத்தில், 1204-க்குள், நார்மண்டி உட்பட பிரான்ஸ் பகுதியில் பெரும்பாலானதைப் பிரெஞ்சு மன்னர் பிலிப்பிடம் இழந்தான். அதை மீட்கப் பணம் வேண்டும் என்று பத்து வருஷம் குடிகளைக் கசக்கினான். நடுவில் கான்டர்பரி ஆர்ச்பிஷப் நியமனத்தில் போப்பாண்டவரோடு சண்டை. 1208 முதல் 1214 வரை இங்கிலாந்துக் கோயில்களில் வழக்கமான வழிபாடு கிடையாது. 1214-ல் கூட்டாளிகள் பூவின் போரில் தோற்றார்கள், கசக்கிய பணம் அத்தனையும் ஆற்றோடு போயிற்று. மறு வருஷம் பிரபுக்கள் கழுத்தில் துண்டு போட்டு வாங்கியதுதான் மேக்னா கார்ட்டா. அதில் அவன் கையெழுத்துப் போடவில்லை, முத்திரைதான் வைத்தான் என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். ஐந்து மார்க்கில் ஒரு மார்க்கைத் திருப்பித் தர வேண்டும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம்.

ஜான் பட்டத்துக்கு வந்த வருஷம் ஹ்யூபர்ட் வால்டர் என்பவர் சான்சலர் ஆனார். கான்டர்பரி ஆர்ச்பிஷப்பும் அவரே. பெரிய நிர்வாகி. அரண்மனை எழுத்தகத்திலிருந்து வெளியே போகும் கடிதங்களுக்கு நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு அந்தக் காலத்தில்தான் வழக்கமாகிறது. தோலில் எழுதி, ஒன்றின் அடியில் இன்னொன்றாகத் தைத்து, பாயைப் போலச் சுருட்டி வைத்தார்கள். பெரிய மானியங்களுக்கு ஒரு சுருள், திறந்த கடிதங்களுக்கு ஒரு சுருள், மடித்து முத்திரையிட்ட கடிதங்களுக்கு ஒரு சுருள். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இதைப் படித்ததும் புல்லரித்துப் போயிற்று. ஐயா, இது நம் அனுப்புகைப் பதிவேடு! ஆபீஸ் காப்பி! எண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு புண்ணியவான் "ஒரிஜினல் போய்விடும், நமக்கு ஒரு காப்பி வேண்டும்" என்று யோசித்திருக்கிறார். அந்தச் சுருள்களில் பல இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கரையான் அரிக்காத ஊர் போலிருக்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் ஊரும் தேதியும் உண்டு. ஆகையால் பல வருஷங்களுக்கு ராஜா எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார் என்பதை நாட்குறிப்பு மாதிரி எழுதிவிடலாம். ஒரே இடத்தில் ஒரு மாதம் தங்கியது அபூர்வம். மூட்டை முடிச்சு, கஜானா, எழுத்தர்கள், வேட்டை நாய்கள் என்று சகலமும் வண்டியில் கூடவே வரும். கடிதங்களில் இல்லாத சங்கதி இல்லை. இந்தக் கோட்டைக்கு இத்தனை பீப்பாய் ஒயின் அனுப்பு. ரெடிங் மடத்திலிருந்து வாங்கிய புத்தகங்கள் வந்து சேர்ந்தன. குளிக்க வெந்நீர் வைத்த வில்லியம் என்பவனுக்கு இவ்வளவு காசு கொடு. வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிட்ட தோஷத்துக்கு இத்தனை ஏழைகளுக்குச் சோறு போடு. 1204-ல் ஓர் அதிகாரியின் மனைவி, ஒரு ராத்திரி தன் புருஷனோடு இருக்க அனுமதிக்கும்படி ராஜாவுக்கு இருநூறு கோழி தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். இது அரண்மனை வேடிக்கையா, இல்லை கொடுமையா என்று இன்றைக்கும் படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள். நான் என் வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்கு ஒரு கோழி கூட அதிகம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலக் காப்பி நேரத்தில் படித்ததை அவளுக்குச் சொல்வது வழக்கம். நாலாவது நாள் அவள் கேட்டாள்: "நேத்து வரைக்கும் அவன் இவன்னு சொன்னீங்க. இன்னிக்கு அவர் வந்தார், அவர் போனார்ங்கறீங்க. என்ன திடீர் மரியாதை?"

உண்மைதான். என்னை அறியாமலே ராஜாவுக்கு 'ர்' விகுதி வந்துவிட்டது. காரணம் வாரன்.

ஜானுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துச் சன்னியாசிகள் இருவர். ஒருவர் ரோஜர் ஆஃப் வெண்டோவர்; ராஜா இறந்து ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தவர். இன்னொருவர் அவருக்குப் பின் வந்த மாத்யூ பாரிஸ். அவர் எழுதியதை வாங்கி இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தவர். நரகமே இவன் போய்ச் சேர்ந்ததால் நாறிப்போனது என்கிற அளவுக்குப் போகிறார். நார்மண்டியில் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது இவன் இளம் மனைவியோடு மத்தியானம் வரை தூங்கிக் கிடந்தான் என்பது வெண்டோவர் கதை. சுருளைப் பிரித்தால், அந்த மாதங்களில் ராஜா ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறார். தூங்குகிறவனுக்கு அத்தனை ஊர்ப் பயணப்படி கிளெய்ம் பண்ண முடியாது.

இன்னொரு கதை. நார்விச் ஆர்ச்டீக்கன் ஜெஃப்ரி என்பவர், போப்பின் தண்டனைக்கு ஆளான ராஜாவிடம் வேலை பார்ப்பது பாவம் என்று சொன்னாராம். உடனே ராஜா அவரைப் பிடித்து, ஈயத்தில் அங்கி செய்து போர்த்தி, பாரம் தாங்காமல் சாகடித்தாராம். படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் நார்விச் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜெஃப்ரி, 1225-ல் ஈலி நகருக்குப் பிஷப் ஆனார். ஈயம் போர்த்திச் செத்தவருக்குப் பதவி உயர்வு! அதே பெயரில் வேறு ஓர் எழுத்தர் சிறையில் இறந்திருக்கலாம் என்றும், பெயர் குழம்பியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் எழுதியபடி நடக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

நான் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் என் பிரிவில் ஓர் உதவியாளர் இருந்தார். பெயர் வேண்டாம், எந்த ஆபீஸ் என்பதும் வேண்டாம். அதிகம் பேசமாட்டார். டீக்கடைக்குக் கூட வரமாட்டார். அவர் 'வாங்குகிறவர்' என்று ஆபீஸில் ஒரு பேச்சு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வருஷக் கடைசியில் ரகசியக் குறிப்பு எழுத வேண்டும். அதில் நேர்மை பற்றி ஒரு வரி உண்டு. 'ஐயத்துக்கு அப்பாற்பட்டது' என்று எழுதுவது வழக்கம். நான் 'ஐயத்துக்கு இடமுண்டு' என்று எழுதினேன். பேனாவை எடுத்து வைக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருஷப் பட்டியலில் வரவில்லை. அடுத்த இரண்டு பட்டியலிலும் வரவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பொறுப்பு ஒப்படைக்கும்போது பிரிவின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய தன்பதிவேட்டை அன்றுதான் முதல் தடவையாக முழுக்கப் புரட்டினேன். வந்த தேதி, எழுதிய தேதி, அனுப்பிய தேதி. ஒரு மனு கூட நாள்பட்டுக் கிடக்கவில்லை. காசுக்குக் காத்திருக்கிறவன் மேஜையில் காகிதம் தூங்கும். அது எங்கள் உத்தியோகத்தில் பாலபாடம். இவர் மேஜையில் எதுவும் தூங்கவில்லை. விதிப்படி முடியாது என்று அவர் திருப்பிய சில மனுக்கள் யார் யாருக்கு வேண்டியவர்களுடையவை என்று பார்த்தபோது, பேச்சு எங்கே பிறந்திருக்கும் என்பதும் ஓரளவு விளங்கியது. நான் தினமும் உட்கார்ந்த நாற்காலிக்கு நாலடி தூரத்தில் அந்தப் பதிவேடு இருந்தது. குறிப்பு எழுதும் முன் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெண்டோவருக்காவது செயின்ட் ஆல்பன்ஸிலிருந்து சுருள் இருக்கும் இடத்துக்குப் பயணம் போக வேண்டும். எனக்கு என்ன கேடு?

அதனால்தான் வாரன் ஒவ்வொரு கதையாக உடைக்க உடைக்க எனக்கு உற்சாகமாக இருந்தது. ராஜாவுக்கு விடுதலை கிடைத்தால், எப்படியோ அந்த உதவியாளருக்கும் கிடைத்த மாதிரி ஒரு நினைப்பு. எழுத்தர்களை உட்கார வைத்து வேலை வாங்குகிறவர், வழக்குகளைத் தானே கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் ஆசையுள்ளவர், 1207-ல் லிவர்பூலை நகரமாக்கியவர், புத்தகத்தைக் கூடவே எடுத்துப் போகிறவர். இவர் எப்படிக் கெட்டவராக இருக்க முடியும் என்று சுருள் சுருளாக நானே ராஜாவுக்கு வக்காலத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் வாரன் நேர்மையானவர். அவர் ஒரு பக்கத்துச் சாட்சியோடு நிறுத்தவில்லை.

1202-ல் அண்ணன் மகன் ஆர்தர், எண்பதை நெருங்கிய பாட்டி எலினாரையே ஒரு கோட்டையில் மடக்கி வைத்தான். ஜான் இரண்டே நாளில் எண்பது மைல் படையோடு வந்து, விடிகாலையில் பாய்ந்து, ஆர்தரைப் பிடித்துவிட்டார். ராணுவ ரீதியில் அவருடைய வாழ்க்கையில் இதுதான் உச்சம். பிடிபட்ட பையனுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருஷம் ஈஸ்டரை ஒட்டி அவன் காணாமல் போனான். வேல்ஸில் ஒரு மடத்துக் குறிப்பு மட்டும், ராஜாவே குடிவெறியில் அவனைக் கொன்று கல்லைக் கட்டி ஆற்றில் எறிந்தான் என்கிறது. அந்த மடத்துக்குப் போஷகர் வில்லியம் டி பிரயோஸ் என்ற பிரபு. ஆர்தரைப் பிடித்தவர் அவர், ராஜாவின் நெருங்கிய நண்பர், விஷயம் தெரிந்தவர். ஆக இது வெண்டோவர் வம்பு போல இல்லை. வாரன் இதை எடை போட்டுப் பார்த்து, பெரும்பாலும் உண்மை என்கிறார்.

பிறகு அந்த வில்லியம் மீதே ராஜாவின் கோபம் திரும்பியது. பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டு ஆள் வந்தபோது, அண்ணன் மகனைக் கொன்றவனிடம் என் மகன்களைத் தரமாட்டேன் என்று வில்லியத்தின் மனைவி மெட்டில்டா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்று கதை. 1210-ல் அவளும் மூத்த மகனும் பிடிபட்டார்கள். சிறையில் பட்டினி போட்டே கொன்றார்கள். வில்லியம் பிச்சைக்காரன் வேஷத்தில் பிரான்ஸுக்கு ஓடி மறுவருஷம் அங்கேயே இறந்தார்.

இதற்கும் காகிதம் இருக்கிறது என்பதுதான் என்னை உலுக்கியது. நடந்ததை விளக்கி ராஜா ஒரு பகிரங்கக் கடிதம் விட்டிருக்கிறார், பிரபுக்கள் சாட்சியோடு. எல்லாம் கணக்கு: வில்லியம் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை தவறினார், கஜானா விதி என்ன, மெட்டில்டா பல்லாயிரம் மார்க் தருவதாக ஒத்துக்கொண்டது, கடைசியில் தன்னிடம் இருப்பதெல்லாம் இருபத்து நாலு மார்க் வெள்ளியும் கொஞ்சம் தங்கமும்தான் என்றது. எல்லாம் விதிப்படி நடந்தது. குறை சொல்ல ஒரு வரி கிடையாது. ஒரு தாயும் பிள்ளையும் சோறில்லாமல் செத்ததற்கு மட்டும் அதில் பத்தி இல்லை.

அன்று காப்பி நேரத்தில் மறுபடி 'அவன்' என்றே வாயில் வந்தது. வீட்டு அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அதன் பின் படித்த பக்கங்களில் எனக்குப் புரிந்தது இது. ராஜாவுக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. நம்பிக்கைதான் இல்லை. யாரையும் நம்பாமல், 'நான் அனுப்பும் உத்தரவோடு இன்ன ரகசிய அடையாளம் வந்தால்தான் நிறைவேற்று' என்று அதிகாரிகளோடு தனித்தனியாக ஏற்பாடு வைத்திருந்து, ஒரு சமயம் அந்த அடையாளம் என்ன என்பதை அவனே மறந்துபோயிருக்கிறான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, விசுவாசமாக இருந்தவர்களையும் எதிரியாக்கினான். மேக்னா கார்ட்டாவில் நியாயத்தை விற்கக்கூடாது, மறுக்கக்கூடாது, தாமதிக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்களே, அந்த மூன்றும் சும்மா அழகுக்கு எழுதியவை அல்ல. மூன்றையும் அனுபவித்தவர்கள் எழுதி வாங்கியது. போப்பாண்டவர் அதை அந்த ஆகஸ்டிலேயே செல்லாது என்று அறிவித்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் வாஷ் கழிமுகத்தைக் கடக்கும்போது ராஜாவின் சாமான் வண்டிகள் சேற்றிலும் அலையிலும் போயின. அடுத்த வாரமே நூவர்க் கோட்டையில் வயிற்றுப்போக்கில் உயிர் போயிற்று. வூஸ்டர் தேவாலயத்தில் புதைத்தார்கள்.

ஆக, ஈய அங்கி வழக்கில் விடுதலை. தூங்கிக் கிடந்தான் என்ற வழக்கில் விடுதலை. மெட்டில்டா வழக்கில் தண்டனை. ஒவ்வொன்றும் தனி வழக்கு, தனிச் சாட்சி. 'கெட்டவன்' என்று ஒரே சொல்லில் முடிப்பது சுலபம். 'நல்லவன்' என்று முடிப்பதும் அதே சுலபம்தான். பதிவேட்டைப் பார்க்காமல் எழுதினது என் முதல் தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. என்ன குற்றம், எந்தத் தேதி, யார் சொன்னது என்று ஒன்றுமே எழுதாமல் 'ஐயம்' என்று ஒரு சொல்லை எழுதினேனே, அதுதான் முதல் தப்பு. குற்றம் என்னவென்று எழுதியிருந்தால் அவர் பதிலாவது சொல்லியிருப்பார். நானும் எழுதும்போதே, கையில் ஒன்றும் இல்லையே என்று கண்டுபிடித்திருப்பேன்.

அவர் நன்றாக இருக்கிறார். வருஷா வருஷம் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போகும்போது பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவர்தான் முதலில் கேட்பார். அந்த வரியை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்துவிடுவேன். பல வருஷமாக இப்படித்தான்.

அடுத்த நேர்காணலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இந்த முறை வரிசையில் நகராமல் நிற்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.

புத்தகம் எங்காவது கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். ஆங்கிலம் எளிமை, எழுத்துத்தான் கொஞ்சம் பொடி. புரை இருந்தால் எடுத்துவிட்டுப் படிப்பது நல்லது.